மின்னூலாக்கத்துக்கு எது: கூகுள் டாக்ஸா, ரீட்ஸியா, சிஜிலா?

பதிப்பகத்தின் துணையின்றித் தாமே நூல் வெளியிடுகிறவர், எழுதி முடித்த பிரதியை ஈபப் என்னும் மின்னூல் கோப்பாக்குவதற்குப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. கூகுள் டாக்ஸ், ரீட்ஸியின் உலாவிவழி எழுதுகருவி, ஈபப் கோப்பைத் திருத்தும் மென்பொருளான சிஜில் ஆகிய மூன்றுமே அந்த வேலையைக் கட்டணமின்றிச் செய்து தருகின்றன. இரண்டு சிறுகதைத் தொகுப்புகளை உலாவியிலேயே ஆக்கிவிட்டு, நாவலுக்குச் சிஜிலுக்கு மாறியவன் நான். ஆகவே என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை மறைக்கப் போவதில்லை.

எழுதுவதற்கும், மெய்ப்புப் பார்ப்பவரோடு சேர்ந்து திருத்துவதற்கும் கூகுள் டாக்ஸ் போதும். அதில் வாதிட ஒன்றுமில்லை. ஆனால் அங்கிருந்து பதிவிறக்கும் ஈபப்பைத் திறந்து உள்ளே பார்த்தால், பத்திகளின் தோற்றமெல்லாம் சி1, சி2, சி3 என்று பெயரிட்ட வகுப்புகளாக, அதாவது ஒரே தோற்றமுள்ள பகுதிகளுக்கு இடும் பெயர்களாக, சிதறிக் கிடக்கும். எது உரையாடல், எது கடிதப் பகுதி என்று அந்தப் பெயர்களைக் கொண்டு கண்டுபிடிக்க முடியாது. ரீட்ஸி இதைவிட ஒழுங்கானது. அத்தியாயங்களைத் தனித்தனியாக எழுதுவதால் பொருளடக்கம் தானாக அமைகிறது, அச்சுக்கான பிடிஎஃப்பும் அங்கேயே கிடைக்கிறது. அதில் உள்ள சில வடிவமைப்புகளுள் ஒன்று பிடித்துவிட்டால், ஒரே ஒரு நூல் வெளியிடும் எண்ணமுடையவர் அங்கேயே நின்றுவிடலாம்.

என் முடிவைத் தீர்மானித்தது வேறொன்று. நூல் வெளியான பிறகுதான் பிழைகள் கண்ணில் படத் தொடங்குகின்றன. அவற்றைத் திருத்தும் வேலை மாதக்கணக்கில் நீள்கிறது. கோப்பை ஓரிடத்தில் எழுதி இன்னொரு வடிவில் பதிவிறக்கும் எந்த முறையிலும் பாதை ஒருவழிதான். பதிவிறக்கிய ஈபப்பில் கையால் செய்த நகாசு வேலைகளுள் எதுவும் மூலத்துக்குத் திரும்பிப் போவதில்லை. என் முதல் தொகுப்பில் காட்சி மாறும் இடங்களுக்கு நட்சத்திரக் குறியிட்டு, ஒவ்வொரு கதையின் முதல் பத்தியையும் உள்தள்ளலின்றி அமைத்திருந்தேன். பிறகு நான்கு எழுத்துப்பிழைகளைத் திருத்துவதற்காக மூலத்திலிருந்து மறுபடி பதிவிறக்கியபோது அவ்வளவையும் முதலிலிருந்து செய்ய வேண்டியிருந்தது. மூன்றாம் முறை அவசரத்தில் ஒரு கதையை விட்டுவிட்டேன்; அதை எனக்குச் சொன்னவர் ஒரு வாசகர்.

சிஜிலில் இந்தச் சிக்கல் எழுவதில்லை, ஏனென்றால் அது ஈபப்பையே மூலமாக வைத்துத் திருத்துகிறது. ஈபப் என்பது உண்மையில் ஒரு ஜிப் பொதிதான்; உரை எக்ஸ்ஹெச்டிஎம்எல் கோப்புகளிலும், தோற்றம் சிஎஸ்எஸ் கோப்பிலும், நூலின் விவரங்கள் ஓபிஎஃப் கோப்பிலும் இருக்கின்றன. உரையாடல் பத்திகளின் இடைவெளியைக் குறைக்க வேண்டுமானால் சிஎஸ்எஸ்ஸில் ஒரு வரியை மாற்றினால் நூல் முழுவதும் மாறும். நாவலில் ‘கறை’ என்று வர வேண்டிய சில இடங்களில் ‘கரை’ என்று எழுதியிருந்தேன். எல்லாவற்றையும் ஒரே சொடுக்கில் மாற்றியிருந்தால் ஆற்றங்கரையெல்லாம் ஆற்றங்கறையாகியிருக்கும். ஆகவே எல்லாக் கோப்புகளிலும் தேடி, ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றிச் சேமித்தேன். அந்தச் சேமிப்போடு திருத்திய பதிப்பு தயாராகிவிட்டது. பதிவேற்றுவதற்கு முன் ஈபப்பில் வடிவப் பிழை உண்டா என்று பார்க்கும் ஈபப்செக் கொண்டு சோதிப்பது மட்டும் மீதமிருந்தது.

குறைகளும் உண்டு. சிஜிலில் நிரல்வரிகளைக் கண்டு அஞ்சாமல் இருக்க வேண்டும். பக்கம் போலவே காட்டித் திருத்தவிடும் பார்வையை 2019-இல் வந்த 1.0 பதிப்பிலேயே நீக்கி, அந்த வேலைக்குப் பேஜ்எடிட் என்ற தனி மென்பொருளைத் தந்துவிட்டார்கள். கணினியில் நிறுவிப் பயன்படுத்துவது என்பதால் காப்புப் பிரதி எடுக்கும் பொறுப்பும் நம்முடையதே. எல்லாவற்றிலும் பெரிய தொல்லை அச்சுப் பதிப்புதான்: ஈபப்பில் செய்த திருத்தத்தை அச்சுக்கான கோப்பிலும் தனியாகச் செய்ய வேண்டும், அதை மறப்பது எளிது. ரீட்ஸியில் இரண்டும் ஒரே மூலத்திலிருந்து வருகின்றன என்பதை இங்கே ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். மாற்று வழியாகச் சிலர் காலிபர் என்ற மின்னூல் மென்பொருளைச் சொல்வார்கள். அதிலுள்ள திருத்துகருவி நல்லதுதான். ஆனால் அதன் மாற்றியின் வழியாக வேர்டு கோப்பை அனுப்பினால் காலிபர்1, காலிபர்2 என்ற வகுப்புகளோடு பழைய கதையே திரும்பும்.

நான் ஆக்கியவை எல்லாம் உரைநடை நூல்கள். படங்களும் அட்டவணைகளும் நிறைந்த நூலுக்கு இதே முறை ஒத்துவரும் என்று என் அனுபவத்தை வைத்துச் சொல்ல மாட்டேன். இப்போது எழுதுவதும் மெய்ப்பும் கூகுள் டாக்ஸில் முடிகின்றன. பிரதியை ஒரே ஒரு முறை சிஜிலுக்குக் கொண்டுவந்து, வகுப்புகளுக்கு ‘கடிதம்’, ‘உரையாடல்’ என்பதுபோல் பொருள் விளங்கும் பெயரிட்டு, டாக்ஸ் கோப்பின் தலைப்பில் ‘இதைத் தொடாதே’ என்று எழுதி வைத்துவிடுகிறேன்.