தெரு மரம் பராமரிக்க மாநகராட்சியின் சொந்த ஆட்களா, ஒப்பந்தக்காரர்களா?

2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் சென்னையை அடித்தபோது ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்து சாலைகள் அடைபட்டன. அப்படிப்பட்ட நாளில் கிரேன், லாரி, அறுவை இயந்திரம், ஆட்கள் எல்லாம் ஒரே நேரத்தில் வேண்டும். ஒப்பந்தக்காரர்களின் பலம் அதுதான். அத்தனை பேரையும் வருடம் முழுக்கச் சம்பளத்தில் வைத்திருக்க எந்த மாநகராட்சிக்கும் கட்டாது.

சரி, மழைக்கு முன்னால் கிளை கழிப்பது? அது முற்றிலும் வேறு வேலை. மின்கம்பிக்காக ஒரு பக்கம் மட்டும் வெட்டிக்கொண்டே போனால் பாரம் மறுபக்கம் ஏறி மரம் சாயத் தயாராக நிற்கும், கிளை தண்டில் சேரும் இடத்திலுள்ள புடைப்பையும் சேர்த்துத் தண்டோடு ஒட்ட வெட்டினால் காயம் சரியாக மூடாமல் உள்ளே அழுகல் இறங்கும். ஒப்பந்தக்காரரிடம் லோடு கணக்கில் கூலி பேசினால் அவருக்கு நிறைய வெட்டுவதுதான் லாபம், இதை யார் தடுப்பது?

நிரந்தர ஊழியர் அடுத்த வருடமும் அதே தெருவுக்கு வருவார். எந்த வேம்பில் பொந்து விழுந்திருக்கிறது, எந்தத் தூங்குமூஞ்சியின் வேரைக் குழாய் பதிக்கும்போது வெட்டினார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். இந்த நினைவை டெண்டரில் வாங்க முடியாது. அதனால் பார்வையிடுவதும் கிளை கழிப்பதும் சொந்த ஆட்களிடம் இருக்கட்டும், புயல் வேலைக்கு மட்டும் ஒப்பந்தம் போடலாம் என்பேன்.

அப்புறம், மரமேறுகிறவர் யாருடைய ஆளாக இருந்தாலும் இடுப்புப் பட்டையும் தலைக்கவசமும் கொடுத்த பிறகே ஏற்ற வேண்டும்.