ஹாரி ஸ்மித் தொகுப்புடன் பதினான்கு வருடங்கள்

சிடி பிளேயர் பழுதுபார்க்கப் போய் ஐந்து வாரம் கழித்து வீடு திரும்பியது. லென்ஸை மாற்ற வேண்டும் என்றார்கள், மாற்றினார்கள், வாங்கிய விலையில் பாதியைக் கேட்டார்கள், கொடுத்தேன். கடையில் போட்டுக் காட்டியது ஒரு பக்திப் பாடல். வீட்டுக்கு வந்து நான் போட்டது கொலை. பிளேயரைச் சோதிக்க எனக்கு ஹாரி ஸ்மித்தின் இந்தப் பழைய அமெரிக்க நாட்டுப்பாடல் தொகுப்புதான் வசதி: கீறலும் இரைச்சலும் பாட்டோடு பிறந்தவை என்பதால், அவற்றைத் தாண்டிப் புதிதாக ஏதாவது கேட்டால் அது பிளேயரின் கோளாறு என்று உடனே தெரிந்துவிடும்.

அன்று மாலையே பழைய அலுவலக நண்பன் அழைத்தான். அதே தொகுப்பு, 'ஆன்தாலஜி ஆஃப் அமெரிக்கன் ஃபோக் மியூசிக்' பெட்டி ஒன்று பழையதாக, விலை குறைந்து வந்திருக்கிறதாம். "அண்ணா, வாங்கலாமா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்."

ஒரே வார்த்தையில் சொல்ல முடியாது. எனக்கும் அந்தப் பெட்டிக்கும் நடுவில் நிற்பதே ஒரு வார்த்தைதான்.

பெட்டியைப் பற்றி அவனுக்குத் தெரியும். 1952இல் ஃபோக்வேஸ் என்ற இசைத்தட்டுக் கம்பெனி வெளியிட்டது. 1920களின் பிற்பகுதியிலும் 30களின் தொடக்கத்திலும் விற்ற, நிமிடத்துக்கு 78 முறை சுழலும் இசைத்தட்டுகளிலிருந்து, அவற்றைச் சேகரித்துவந்த ஹாரி ஸ்மித் பொறுக்கியெடுத்த 84 பாடல்கள். என்னிடம் இருப்பது 1997இல் ஸ்மித்சோனியன் நிறுவனம் ஆறு சிடிக்களாகப் போட்டது. முதல் பகுதி கதைப்பாடல்கள், 27. அதில்தான் பிணங்கள். நம்மூர்ச் சந்தைகளில் கொலைச்சிந்து பாடி விற்றவர்களுக்கு இதன் சரக்கு உடனே புரிந்திருக்கும்: காதலன் கொல்கிறான், காதலி கொல்கிறாள், தொப்பிக்காக ஒருவன் சுடுகிறான், ஜனாதிபதியைச் சுட்டவன் தூக்குமரத்திலிருந்து பேசுகிறான்.

நான் இதை வாங்கியது பாட்டுக்காக அல்ல. கையேட்டுக்காக. 1952இல் ஸ்மித் தயாரித்த கையேட்டின் நகல் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. ஒவ்வொரு கதைப்பாடலின் சுருக்கத்தையும் அந்த மனிதர் நாளிதழ்த் தலைப்பு போல, பெரிய எழுத்தில், முகத்தில் சிரிப்பே இல்லாமல் எழுதியிருக்கிறார். எலிக்கும் தவளைக்கும் கலப்பு மணம், உறவினர்கள் சம்மதம் என்று ஒன்று. ஸ்டெட்சன் தொப்பி திருட்டால் தகராறு, மரணம். தான் குடும்பஸ்தன் என்கிறார் பலியானவர் என்று இன்னொன்று. முதல் முறை படித்தபோது நள்ளிரவில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். அந்த எழுத்தில் இன்னொரு நேர்மையும் இருக்கிறது. பாடுகிறவர் கறுப்பரா வெள்ளையரா என்று ஓரிடத்திலும் சொல்வதில்லை. இசைத்தட்டுக் கம்பெனிகள் இரண்டையும் தனித்தனிப் பட்டியலாக விற்ற காலத்துப் பாடல்கள் இவை. ஸ்மித் வேலியைப் பிடுங்கிவிட்டு எல்லோரையும் ஒரே பந்தியில் உட்காரவைத்தார். கறுப்பரான மிசிசிப்பி ஜான் ஹர்ட்டை மலைநாட்டு வெள்ளையர் என்று நினைத்துக் கேட்டவர்கள் பலர்.

இவ்வளவும் பாராட்டு. இனி அந்த வார்த்தை.

பதின்மூன்றாவது பாட்டு, 'ஓமி வைஸ்'. பாடுபவர் ஜி. பி. கிரேசன், பார்வை மிகவும் மங்கிய டென்னசிக்காரர், 1927 பதிவு. அவரே வயலின் வாசித்துக்கொண்டு பாடுகிறார். குரல் போகிற வழியிலேயே வயலினும் போகிறது. துணைக்கு வேறு யாரும் இல்லை. ஜான் லூயிஸ் என்பவன் பணமும் நல்ல பொருள்களும் தருவதாகச் சொல்லி ஓமியை ஆடம்ஸ் ஊற்றுக்கு வரச்சொல்கிறான். வந்தவளைக் குதிரையில் ஏற்றிக்கொண்டு ஆற்றுக்குப் போகிறான். அவள் கெஞ்சுகிறாள். ஆழமான நீரில் தள்ளுகிறான். அவள் கெஞ்சியதற்கும் அவன் தள்ளியதற்கும் கிரேசனின் குரலில் ஒரு மயிரிழை வித்தியாசம் கிடையாது. அழுதுகொண்டு பாடியிருந்தால் நான் இரண்டு முறை கேட்டுவிட்டுத் தூக்கிவைத்திருப்பேன். சந்தைக்குப் போய்வந்த கதையைச் சொல்வதுபோல் சொல்வதால்தான் பதினான்கு வருடமாகக் கேட்கிறேன்.

இந்தப் பாட்டுக்கு ஸ்மித் எழுதிய தலைப்பு ஏறத்தாழ இப்படி வரும்: பேராசைக்காரப் பெண் பொய்யனோடு ஆடம்ஸ் ஊற்றுக்குப் போகிறாள், வருந்துவதற்கு மட்டும் உயிரோடிருக்கிறாள்.

பேராசைக்காரி! பொய் சொன்னவன் வெறும் பொய்யனாம், செத்தவள் பேராசைக்காரியாம்.

பாட்டின் ஓமி, அதாவது நேயோமி வைஸ், உண்மையாக வாழ்ந்த பெண். வட கரோலினாவின் ராண்டால்ஃப் மாவட்டம். 1808 வாக்கில் டீப் ரிவர் ஆற்றிலிருந்து உடலை எடுத்தார்கள். பெற்றோர் இல்லாத பெண், வயிற்றில் குழந்தை, குழந்தையின் தகப்பன் லூயிஸ் என்பதுதான் ஊரில் வழிவழியாகச் சொல்லும் கதை. லூயிஸைப் பிடித்தார்கள், சிறையிலிருந்து தப்பினான், சில வருடம் கழித்து மறுபடி பிடித்தார்கள். கொலைக்குத் தண்டனை கிடையாது. சிறையை உடைத்துத் தப்பியதற்குத்தான் தண்டனை. வயிற்றுப் பிள்ளைக்காரி தகப்பனிடம் பணம் எதிர்பார்த்தால் அதற்குப் பெயர் பேராசையா?

சரி, ஸ்மித்துக்கும் நியாயம் பேசிப் பார்க்கிறேன். அவர் கையில் இருந்தது மூன்று நிமிட இசைத்தட்டு மட்டும். அதில் வயிற்றுப் பிள்ளையைப் பற்றிப் பேச்சே இல்லை. பணத்தைப் பற்றி இருக்கிறது. அவர் கிண்டல் செய்தது அவளையல்ல, கொலைச் செய்தியை அப்படித் தலைப்பிடும் பத்திரிகைகளை என்றும் வாதாடலாம். நானே பலரிடம் வாதாடியிருக்கிறேன். வாதம் முடிந்து கையேட்டைத் திறந்தால் மறுபடி அந்த வார்த்தை, பெரிய எழுத்தில். பாட்டு ஓடும்போது கையேட்டைத் திறக்காவிட்டாலும் கண்ணில் அதுதான் ஓடுகிறது. ஏழெட்டு வருடத்துக்கு முன்பு ஒருநாள் கோபத்தில் பென்சிலால் அடித்தேன். மறுநாள் வெட்கப்பட்டு அழித்தேன். இப்போது அந்தப் பக்கத்தில் வார்த்தை தெளிவாக இருக்கிறது, சுற்றிலும் சாம்பல் நிறத்தில் ஓர் ஈயக் கறை. பெட்டியை விற்றால் விலை குறையும். வார்த்தைக்குச் சேதமில்லை.

அதே பகுதியில் வரும் 'ஃபிராங்கி' பாட்டின் கதை இதைவிட மோசம், ஆனால் அங்கே ஸ்மித்தைக் குறைசொல்ல முடியாது. 1899இல் செயின்ட் லூயிஸ் நகரில் ஃபிராங்கி பேக்கர் தன் காதலன் ஆலன் பிரிட்டைச் சுட்டார். கத்தியோடு என் மேல் பாய்ந்தான் என்றார். நீதிமன்றம் விடுதலை செய்தது. பாட்டு விடவில்லை. பாட்டில் அவர் பொறாமைக்காரி. ஊரை விட்டே போனார், போர்ட்லாந்து வரை. பாட்டு பின்னாலேயே போனது. தன் கதையைப் படமாக எடுத்த ஒரு கம்பெனி மீது வழக்குப் போட்டுத் தோற்றார். இறந்தது 1952இல். ஆம், இந்தத் தொகுப்பு வெளிவந்த அதே வருடம். ஜான் ஹர்ட் அந்தப் பாட்டை 1928இல் அவ்வளவு மென்மையாகக் கிட்டாரில் உருட்டிக்கொண்டு பாடியபோது, சம்பந்தப்பட்ட அம்மாள் நாட்டின் மறுகோடியில் உயிரோடிருந்தார். அந்த விரல்களின் ஓட்டத்துக்காக அந்தப் பாட்டை நான் மன்னிக்கிறேன். அம்மாள் மன்னித்திருப்பாரா என்பது வேறு.

ஆண்களுக்கு இப்படி நடப்பதில்லை என்று சொல்ல வந்தேன், ஆனால் அது பொய். 1895 கிறிஸ்துமஸ் இரவு, அதே செயின்ட் லூயிஸ், தொப்பியைப் பிடுங்கிய பில்லி லயன்ஸை லீ ஷெல்டன் சுட்டார். சுட்டவர் 'ஸ்டாகலீ' என்று நூறு பாட்டில் வீரனாக உலவுகிறார். லயன்ஸுக்குக் கிடைத்தது, பிள்ளைகுட்டிக்காரன் என்று கெஞ்சும் ஓரிரு வரி. அதைத்தான் ஸ்மித் தலைப்பில் வைத்துச் சிரிக்கவைக்கிறார். நானும் சிரித்தேன் என்று மேலே ஒப்புக்கொண்டுவிட்டேன்.

மற்ற நான்கு சிடிக்கள்? நன்றாக இருக்கின்றன. நடனப் பாடல்களையும் தேவாலயப் பாடல்களையும் நான் அதிகம் போடுவதில்லை.

நண்பனுக்கு, வாங்க வேண்டாம் என்றேன். பதினான்கு வருடமாக எரிச்சலூட்டும் ஒரு பொருளை இன்னொருவன் தலையில் கட்டுவது நியாயமில்லை என்று தோன்றியது. "அப்படியென்றால் உங்களுடையதை எனக்கு விற்றுவிடுங்களேன்" என்றான். விற்கிற பேச்சே இல்லை என்று கத்தியே விட்டேன். கடைசியில், ஒரு மாதத்துக்கு இரவல் தருவதாக ஒப்புக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை வந்து முதல் பகுதி சிடிக்களை வாங்கிக்கொண்டு போனான். கையேட்டை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்தேன்.

இரவு பத்து மணிக்கு மறுபடி அழைத்தான். "அண்ணா, கையேடு இல்லையே? இந்தப் பெட்டியில் அதுதான் விசேஷம் என்று நீங்கள்தானே சொல்வீர்கள்?"

"பதின்மூன்றாவது பாட்டைக் கேட்டுவிட்டாயா?"

"இன்னும் இல்லை."

"கேள். பத்து முறையாவது கேட்டுவிட்டு வா, தருகிறேன்."