ஊரில் பல் வைத்தியமும் ஒரு நுகர்வோர் வழக்கும்

சிங்கப்பூரில் வேலை பார்க்கிற எங்கள் பக்கத்து ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பல் வலித்தால் பனடால் போட்டுச் சமாளித்துவிட்டு, "ஊருக்குப் போறப்ப பாத்துக்கலாம்" என்று தள்ளிப் போடுவோம். இங்கே தனியார் கிளினிக்கில் ஒரு கடைவாய்ப் பல்லுக்கு வேர் சிகிச்சை (ரூட் கெனால்) செய்து கேப் போட ஆகிற காசில், திருச்சிக்கு டிக்கெட் எடுத்து, பல்லையும் பார்த்து, பிள்ளைகளுக்குத் துணிமணியும் எடுத்துவிடலாம். நானும் அப்படித்தான் அறந்தாங்கிக்குக் கிளம்பினேன். பல்லோடு ஒரு வழக்கும் சேர்ந்துகொண்டது. "எப்படி நடத்தினீர்கள்? வெளிநாட்டில் இருந்துகொண்டு முடியுமா?" என்று தெரிந்தவர்கள் கேட்டுக்கொண்டே இருப்பதால் எழுதி வைக்கிறேன்.

பக்கத்து டவுனில், மெடிக்கல் ஷாப்புக்கு மேல் மாடியில் இருக்கிற கிளினிக் அது. பெயர் வேண்டாம். வேர் சிகிச்சைக்கு மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியூரிலிருந்து ஒரு டாக்டர் வருவார். சின்ன ஊர்க் கிளினிக்குகளில் இது சகஜம்தான், தப்பே கிடையாது. கீழ்த்தாடைப் பல்லில் சீழ் வைத்து ஈறு வீங்கியிருந்தது. எக்ஸ்ரே எடுக்காமலே ஆரம்பித்து, ஒரே உட்காரலில் வேரைச் சுத்தம் செய்து அடைத்து முடித்துவிட்டார். கடைசியில் மட்டும் ஒரு படம் எடுத்தார்கள். 5,000 ரூபாய் ஜிபேயில் போனது. பில் கேட்டதற்கு, "கேப் போட வர்றப்ப சேர்த்துக் குடுக்கறோம்க்கா" என்றாள் வரவேற்பில் இருந்த பெண்.

மறுநாள் வலி, அதற்கடுத்த நாள் வீக்கம். போன் செய்தால் உப்புத் தண்ணியில் கொப்பளிக்கச் சொன்னார்கள், அதே மாத்திரையைத் தொடரச் சொன்னார்கள். சீழ் வெளியேற வழியில்லாமல் அடைபட்டிருக்கும்போது மாத்திரை மட்டும் பெரிதாக ஒன்றும் செய்யாது என்பது பிறகுதான் தெரிந்தது. வாய் ஒரு விரல் நுழையும் அளவுக்குத்தான் திறந்தது. ரசத்தில் கரைத்த இட்லியும் இறங்கவில்லை. எச்சில் விழுங்கவே கஷ்டமாகிவிட்டதும் அண்ணன் காரை எடுத்துவிட்டார். இது எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்: பல் வீக்கம் தாடைக்குக் கீழே இறங்கி, வாய் திறக்க முடியாமல், விழுங்க முடியாமல் போனால் அது பல்வலி இல்லை, அவசர கேஸ். மூச்சுக்குழாயை அடைத்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

புதுக்கோட்டையில் 2023ல் தொடங்கிய அரசு பல் மருத்துவக் கல்லூரிக்குப் போனோம். வரிசை நீளம்தான், ஆனால் என் முகத்தைப் பார்த்ததும் முன்னால் கூப்பிட்டுவிட்டார்கள். எக்ஸ்ரேயைத் திரையில் போட்டுக் காட்டிய டாக்டரம்மாவுக்கு என்னைவிட வயது குறைவாக இருக்கும். சாம்பல் நிற வேருக்குள், நுனிக்குச் சற்று மேலே, ஊசி முனை மாதிரி ஒரு வெள்ளைக்கோடு. "ஃபைல் ஒடைஞ்சு உள்ளயே நிக்குதும்மா. உங்ககிட்ட சொன்னாங்களா?" என்றார். ஃபைல் என்பது வேரைச் சுத்தம் செய்கிற மெல்லிய கருவி. கிளினிக்கில் யாரும் சொல்லவில்லை. அதை அப்படியே ஓ.பி. சீட்டில் எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். அந்தச் சீட்டுதான் பின்னால் வழக்கைத் தூக்கி நிறுத்தியது. உடனே அட்மிட் ஆகச் சொன்னார். தஞ்சாவூரில் தெரிந்த டாக்டர் இருந்ததால் அங்கே ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்ந்தேன். தாடைக்குக் கீழே கீறிச் சீழை எடுத்தார்கள். பல்லும் போய்விட்டது.

உடம்பு தேறியதும் அண்ணனும் நானும் கிளினிக்குக்குப் போனோம். உரிமையாளர் டாக்டர் மரியாதையாகத்தான் பேசினார். "காசைத் திருப்பித் தந்துடறேன்மா, இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க" என்று ஒரு தாளை நீட்டினார். சிகிச்சையில் எனக்கு எந்தக் குறையும் இல்லை, இனி எதுவும் கோரமாட்டேன் என்று இருந்தது. அண்ணன் வாசித்துவிட்டு மடித்து அவர் மேஜையிலேயே வைத்தார். "காசு கிடக்கட்டும் சார். கேஸ் ஷீட்டும் எக்ஸ்ரேயும் குடுங்க." அதெல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கிறது, வருகிற டாக்டர்தான் எடுக்க வேண்டும் என்று இழுத்தார்கள்.

அதன் பிறகு ஒரு வக்கீலைப் பார்த்தோம். வக்கீல் சார் முதலில் கேட்டது நடந்த கதையை இல்லை. "ஃப்ளைட் என்னைக்கும்மா?" என்றுதான். வெளிநாட்டிலிருந்து வந்தவர்களின் வழக்குகள் தோற்பது பெரும்பாலும் கோர்ட்டில் இல்லை, ஏர்போர்ட்டில்தான் என்பது அவர் கட்சி. தாளெல்லாம் ஊரில் சிதறிக் கிடக்க ஆள் விமானம் ஏறிவிடுவார், அப்புறம் யாரும் எதையும் தரமாட்டார்கள். அதனால் மிச்ச விடுமுறை முழுவதும் தாள் சேகரிப்புதான். ஆவணம் கேட்டு எழுத்தில் கடிதம் கொடுத்து, நகலில் சீல் வாங்கினோம். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தரவேண்டும் என்று மருத்துவர்களுக்கான 2002 ஒழுக்க விதிகளில் இருக்கிறது. பல் டாக்டர்களுக்குத் தனியாக 2014ல் ஒழுக்க விதி வந்தது. இரண்டையும் கடிதத்தில் குறிப்பிட்டார். கிளினிக்கிலிருந்து எக்ஸ்ரே படம் வந்தது. சிகிச்சை நடந்த அன்றைய தேதியோடு, அதே வெள்ளைக்கோடு அதிலும் தெரிந்தது. பில் தராததை ஜிபே ரசீது ஈடுகட்டியது. தஞ்சாவூர் டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துக்கடை பில்கள், வீங்கிய முகத்தை அண்ணி எடுத்த போட்டோக்கள், கிளினிக்குக்குப் பேசிய அழைப்புகளின் பட்டியல் எல்லாம் ஒரே கோப்பில் சேர்ந்தன. நோட்டரி முன்னால் பிரமாண வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டேன், அண்ணனுக்கு அதிகாரக் கடிதம் கொடுத்தேன். சிங்கப்பூர் போனபின் இதைச் செய்வதென்றால் இந்திய ஹை கமிஷனில் (அங்கே நம் தூதரகம்) போய் நிற்க வேண்டியிருக்கும்.

சட்டம் இப்படி. காசு வாங்கிச் செய்யும் மருத்துவமும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995ல் வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எல்லோருக்கும் முழுக்க இலவசமாகச் சிகிச்சை தரும் இடம் அதில் வராது. ஆகவே, இதே தவறு எல்லோருக்கும் இலவசமாகப் பார்க்கிற ஓர் அரசு மருத்துவமனையில் நடந்திருந்தால் எனக்கு இந்த வழி கிடையாது. 2019 சட்டப்படி இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். நாம் கட்டிய தொகை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக வேண்டும். கட்டியது 5 லட்சத்துக்குள் இருந்தால் புகாருக்குக் கட்டணமே இல்லை. எவ்வளவு இழப்பீடு கேட்கிறோம் என்பது கணக்கில் வராது, எவ்வளவு கட்டினோம் என்பதுதான். வக்கீல் இல்லாமலும் நடத்தலாம். 2025 ஜனவரி முதல் இ-ஜாக்ருதி என்ற அரசு இணையதளத்தில் வெளிநாட்டில் இருந்தபடியே புகாரைப் பதியலாம்.

ஃபைல் உடைந்ததை வைத்து ஜெயித்துவிடலாம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். வக்கீல் சார் தலையை ஆட்டினார். வளைந்த வேருக்குள் மெல்லிய கருவி உடைவது நல்ல டாக்டர் கையிலும் நடக்கும், அதை மட்டும் வைத்துக் கவனக்குறைவு என்று சொல்ல முடியாது. நம் வழக்கு மூன்று விஷயங்களில் நின்றது: முதலில் எக்ஸ்ரே எடுக்காதது, உடைந்தது தெரிந்தும் சொல்லாதது, வீக்கம் என்று போன் செய்தபோது நேரில் வரச் சொல்லாதது. போலீஸுக்குப் போகலாமா என்று சித்தப்பா கேட்டார். 2005ல் ஜேக்கப் மேத்யூ தீர்ப்புக்குப் பிறகு குற்ற வழக்குக்கு மிக மோசமான கவனக்குறைவு இருக்க வேண்டும், இது அந்த ரகம் இல்லை என்று வக்கீல் சார் அதை மூடிவிட்டார்.

வாட்ஸ்அப் குழுவில் வேறு சத்தம். கோடிக்கணக்கில் கேள் என்று ஒரு மச்சான். கொல்கத்தாவில் தவறான சிகிச்சைக்கு ஆளாகி மும்பையில் இறந்த அனுராதா சாகாவுக்காக அமெரிக்காவில் இருந்த அவர் கணவர் நடத்திய வழக்கில், 2013ல் உச்ச நீதிமன்றம் கிட்டத்தட்ட 6 கோடி கொடுத்தது உண்மைதான். அந்தப் பெண் இறந்தது 1998ல். உயிரும், அமெரிக்க வருமானமும், பதினைந்து வருடப் போராட்டமும் சேர்ந்த கணக்கு அது. என்னுடையது ஒரு கடைவாய்ப் பல். 5 லட்சம் கேட்டோம். சிங்கப்பூர்ச் சம்பள இழப்பு என்று ஏதாவது சேர்க்கலாமா என்று எனக்கும் ஆசை இருந்தது. விடுமுறை நீட்டித்ததற்குக் கம்பெனிக் கடிதம் இருந்தால் போடலாம், இல்லாவிட்டால் வெளிநாட்டுக் காசைக் காட்டிப் பேரம் பேசுகிற மாதிரி ஆகிவிடும் என்றார் வக்கீல் சார். கடிதம் வாங்கிக் கொடுத்தேன்.

கிளினிக், வந்த டாக்டர், அவருடைய தொழில்முறை இன்சூரன்ஸ் கம்பெனி, மூவரும் எதிர்தரப்பு. பதில் தர 30 நாள், மேலே 15 நாள், அவ்வளவுதான் அவகாசம். 45ஆவது நாளுக்கு மேல் வாங்கக் கூடாது என்று 2020ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அதன் பிறகு வாய்தா, வாய்தா. சட்டத்தில் மூன்று மாதம் என்று எழுதியிருப்பதை யாரும் நம்ப வேண்டாம். காணொளியில் ஆஜராக மனுப் போட்டிருந்ததால் ஒருமுறை ஆபீஸ் பேன்ட்ரியில் உட்கார்ந்து போனில் ஆஜரானேன். எதிர்தரப்பு வக்கீல், அந்தம்மா வெளிநாட்டில் சரியாகப் பல்லைப் பராமரிக்காமல் இங்கே வந்து கேஸ் போடுகிறார் என்றார். அதற்கு வக்கீல் சார் பதிலே சொல்லவில்லை, ஓ.பி. சீட்டையும் கிளினிக்கின் சொந்த எக்ஸ்ரேயையும் மட்டும் எடுத்து நீட்டினார். தனியாக நிபுணர் சாட்சி எங்கே என்று அவர்கள் கேட்டபோது, எல்லா வழக்கிலும் அது கட்டாயமில்லை என்ற 2010 கிஷன் ராவ் தீர்ப்பைக் காட்டினார்.

ஆணையத்தின் உத்தரவு: கட்டிய 5,000ஐத் திருப்பித் தரவேண்டும், தஞ்சாவூர்ச் செலவு முழுவதையும் தரவேண்டும், வலிக்கும் மன உளைச்சலுக்கும் 75,000, வழக்குச் செலவு 10,000. சம்பள இழப்பை ஏற்கவில்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு, மற்றபடி நியாயமாகத்தான் பட்டது. மாநில ஆணையத்துக்கு மேல்முறையீடு போக அவர்களுக்கு 45 நாள் இருந்தது, ஆனால் போவதற்கு முன் உத்தரவான தொகையில் பாதியைக் கட்டியாக வேண்டும். போகவில்லை. இன்சூரன்ஸ் கம்பெனி காசோலையை அண்ணன் என் என்.ஆர்.ஓ. கணக்கில் (வெளிநாட்டில் இருப்பவர்கள் ஊரில் வைத்திருக்கும் வங்கிக் கணக்கு) போட்டார். வழக்குச் செலவு பாலிசியில் வராதாம். அந்த 10,000ஐக் கிளினிக்காரர் வக்கீல் ஆபீஸுக்கே வந்து கட்டினார், அதற்கு ரசீது கேட்டு வாங்கிக்கொண்டு போனாராம்.