ஷெல் லூப்பா, ஆன்சிபிளா?

பத்து டெபியன் (ஒரு வகை லினக்ஸ்) சர்வர்களுக்கு அப்டேட் போட, ஒரே கட்டளையை ஒவ்வொன்றிலும் வரிசையாக ஓட்டும் ஒரு ஷெல் ஃபார் லூப்பும், தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய எஸ்எஸ்ஹெச்சும் போதும். ஐந்தாறு வரியில் முடிந்துவிடும். ஆனால் நான்காவது சர்வரில், டெபியனில் மென்பொருளை நிறுவும் டிபிகேஜி, "பழைய கான்ஃபிக் (அமைப்பு) ஃபைலே இருக்கட்டுமா, மாற்றவா?" என்று கேட்டு நின்றால், பின்னால் உள்ள ஆறும் காத்துக் கிடக்கும். மூன்று சர்வர் வரை சரி, அதற்கு மேல் நான் லூப்பை நம்புவதில்லை.

பல சர்வர்களை ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் கருவியான, 2012-இல் வந்த ஆன்சிபிளும் எஸ்எஸ்ஹெச் வழியாகத்தான் போகிறது. சர்வர்களில் தனி ஏஜென்ட் (அதற்கென்றே ஓடும் புரோகிராம்) வேண்டாம், பைத்தான் மொழி இருந்தால் போதும். அதில் டெபியன் அப்டேட்டைக் கவனிக்கும் ஏப்ட் மாட்யூல் கேள்வி கேட்காமல் பழைய கான்ஃபிக்கையே வைத்துக்கொள்ளும். ஆன்சிபிளுக்கான வேலைகளை எழுதும் யாமல் ஃபைலில் இடைவெளி பிசகினால் ஓடாது, அது தொல்லைதான்.

ஆன்சிபிளில் எனக்குப் பிடித்தது, ஒரு நேரத்தில் எத்தனை சர்வர் என்று சொல்லும் 'சீரியல்'. அதை 1 என்று வைத்தால் ஒவ்வொரு சர்வராகப் போகும். ஒன்று தோற்றால் அங்கேயே நிற்கும். அதனால் டெஸ்ட் சர்வரைப் பட்டியலில் முதலாவதாக வைத்திருக்கிறேன்.