காப்பார் ரோட்டுப் பக்கம் எங்க பழைய பிளாசா: ரெனோவேஷனுக்கு முன்னாடியும் பின்னாடியும்

மலேசியாவுல கிள்ளான் பக்கம் காப்பார் ரோட்டுல இருக்குற எங்க பழைய ஷாப்பிங் பிளாசா திரும்பத் திறந்து ரெண்டு தீபாவளி ஓடிப்போச்சு, இப்ப அங்க போலாமான்னு நெறைய பேரு கேக்குறாங்க. போலாம். ஆனா ஏன் படுத்துச்சு, எப்படி எழுந்துச்சுன்னு தெரிஞ்சுக்கிட்டுப் போனா நல்லதுன்னு எனக்குத் தோணுது.

தொண்ணூறுகள்ல அது திறந்தப்ப சுத்தி செம்பனைத் தோட்டம்தான். சம்பளம் போட்ட சனிக்கிழமை லயத்துலேர்ந்து, அதாவது தோட்டத் தொழிலாளிங்க வரிசை வீடுங்கள்லேர்ந்து, வேன் புடிச்சு குடும்பம் குடும்பமா வந்து எறங்குவாங்க, கீழ சூப்பர்மார்க்கெட்ல மாச சாமான், ரெண்டாவது மாடியில துணி, மேல ஃபுட் கோர்ட்ல மீ கோரெங். படிக்கட்டுக்குப் பக்கத்துல ஒரு எலக்ட்ரிக் கடை இருந்துச்சு, அந்த அண்ணன் பேங்க் பேப்பர் எதுவும் கேக்க மாட்டாரு, 555ன்னு அட்டை போட்ட சின்னக் கடன் நோட்டுல தோட்டத்துப் பேரு, லய நம்பர், பாக்கி எத்தன வெள்ளி (ரிங்கிட்) அவ்ளோதான் எழுதுவாரு, டிவிய தூக்கிட்டுப் போயிடலாம். எங்க வீட்டு முதல் கலர் டிவி அப்படி வந்ததுதான்.

அப்புறம் தோட்டமெல்லாம் தாமான், அதாவது வீடமைப்புப் பகுதி ஆச்சு, லயத்து ஆளுங்க ஆளுக்கொரு பக்கம் போய்ட்டாங்க. 2007ல புக்கிட் திங்கியில ஜஸ்கோ மால் வந்துச்சு, 2012ல செத்தியா ஆலாம்ல செத்தியா சிட்டி மால் வந்துச்சு, அந்த செத்தியா ஆலாமே முன்ன நார்த் ஹம்மாக் எஸ்டேட்தான். கூட்டம் அங்க போயிடுச்சுன்னுதான் எல்லாரும் சொல்றாங்க, ஆனா அது பாதிக் காரணம்தான். பெரிய மால்ல மொத்தக் கட்டடமும் ஒரே கை, எந்தக் கடைய எங்க வைக்கணும், யாருக்கு வாடகையக் கொறைக்கணும்னு அவங்களே முடிவு பண்ணலாம். எங்க பிளாசாவ லாட் லாட்டா வித்துட்டாங்க. டீச்சர் ஒருத்தர், லாரி முதலாளி ஒருத்தர், சிங்கப்பூர்ல இருக்குற யாரோ ஒருத்தர்னு ஆளுக்கொரு லாட். சூப்பர்மார்க்கெட் காலி பண்ணுனதும் ஆள் வரத்து கொறைஞ்சு வாடகை நின்னுச்சு, வாடகை இல்லாதவங்க மெயின்டெனன்ஸ் கட்டல, கட்டலன்னா ஏர்கான் எப்படி ஓடும். எஸ்கலேட்டருக்குக் குறுக்க பலகை போட்டுட்டாங்க, மழைன்னா மூணாவது மாடியில வரிசையா பக்கெட். 2020 மார்ச்ல எம்சிஓ, அதாவது கோவிட் ஊரடங்கு வந்தப்ப மிச்சம் இருந்த தையக்கடையும் போன் கடையும் ஷட்டர எறக்குனதுதான், திரும்பத் தூக்கவே இல்ல.

இடிச்சுட்டுப் புதுசா கட்ட வேண்டியதுதானேன்னு கேப்பீங்க. இப்படி லாட்டுக்கு லாட் தனித்தனி ஓனர் இருக்குற ஸ்ட்ராட்டா கட்டடத்துல அது லேசுல நடக்காது, 1985 ஸ்ட்ராட்டா டைட்டில்ஸ் சட்டப்படி ஸ்ட்ராட்டாவையே கலைக்கணும்னா ஓனருங்க ஒருமனசா சம்மதிக்கணும். நாட்டோட முதல் ஷாப்பிங் சென்டர் கோலாலம்பூர் அம்பாங் பார்க், 1973ல திறந்தது, அதுவும் லாட் லாட்டா வித்ததுதான், எம்ஆர்டி ரயிலுக்காக அரசாங்கம் நிலத்தையே எடுத்துதான் 2017 கடைசியில மூடுனாங்க, அதுக்கும் ஓனருங்க கோர்ட் வரைக்கும் போனாங்க. எங்க பிளாசாவுல ஒரு கம்பெனி பொறுமையா லாட்டுங்கள வாங்கிச்சு, விக்க மாட்டேன்னவங்ககிட்ட லீஸ் எடுத்துச்சு, இடிக்காம உள்ள மட்டும் மாத்திட்டாங்க. என்னக் கேட்டா இதுதான் சரியான வழி.

இப்ப கீழ சூப்பர்மார்க்கெட், காய்கறி நல்லா இருக்கு, முருங்கைக்காய் கட்டு கட்டா வருது. மேல டியூஷன் சென்டர், கிளினிக், ரெண்டாவது மாடி முழுக்க டயாலிசிஸ் சென்டர். பேஷன் கடை எதுவும் கிடையாது, அதுக்கு செத்தியா ஆலாம் போங்க. எங்க அம்மாவுக்கு வாரத்துல மூணு நாள் டயாலிசிஸ், ஒரு தடவைக்கு நாலு மணி நேரம், முன்ன அதுக்கு கிள்ளான் டவுன் வரைக்கும் ஜேம்ல போய்ட்டு வருவோம். இப்ப வீட்டுலேர்ந்து பத்து நிமிஷம். லிப்ட் வீல்சேர் திரும்புற அளவுக்கு அகலம், கார் நிறுத்துற எடத்துலேர்ந்து லிப்ட் வரைக்கும் ஒரு படி கூட இல்ல. அம்மா மெஷின்ல இருக்குற நேரத்துல நான் கீழ சாமான் வாங்கிடுறேன், துணைக்கு வந்த மத்தவங்களும் அப்படித்தான், அந்தக் கூட்டத்தாலதான் கீழ கடைங்க ஓடுது.

மனசுக்குக் கஷ்டமான விஷயம் வாடகை. பழைய சின்ன வியாபாரிங்க ஒருத்தர் கூட திரும்ப வர முடியல, எலக்ட்ரிக் கடை அண்ணன் மகன் கேட்டுப் பாத்துட்டு இப்ப பாசார் மாலாம்ல, அதாவது ராத்திரிச் சந்தையில, போன் கவர் விக்கிறாரு. சென்டர் கோர்ட் வாரநாள்ல சும்மாதான் கெடக்குது, அங்க கொறைஞ்ச வாடகைக்கு நாலு மேசை போட விட்டா என்ன.

பார்க்கிங் முதல் ரெண்டு மணி நேரம் ஃப்ரீ, அதுக்கு மேல காசு. டயாலிசிஸ்க்கு வர்றவங்க ஒவ்வொரு தடவையும் கட்டிக்கிட்டு இருக்கோம். சென்டர்லயே டிக்கெட்டுக்கு சாப் (முத்திரை) அடிச்சுக் கொடுத்தா முடிஞ்சு போற வேல, மேனேஜ்மென்ட் கவுண்டர்ல எழுதிக் கொடுத்துருக்கேன், போறவங்க நீங்களும் ஒரு வார்த்த எழுதிக் கொடுங்க, நாலு பேரு கேட்டாதான் செய்வாங்க.