கைப்பிடி மட்டும் தப்பான பக்கம்

திருநெல்வேலி–பாபநாசம் தடத்தில் 27 ஆண்டுகள் கண்டக்டராக இருந்தவன் நான். ஓடும் பஸ்ஸில் எதையும் பிடிக்காமல் நின்று டிக்கெட் கிழித்து, மீதியும் எண்ணிக் கொடுத்திருக்கிறேன். போன ஆண்டு பக்கவாதம் வந்த பிறகு, நிற்கும்போது யாராவது "சாப்பிட்டீர்களா அண்ணாச்சி?" என்று கேட்டாலே சாய்ந்துவிடுவேன்.

முதலில் போன இடத்தில் காலில் கரண்ட் வைத்துப் படுக்கப் போட்டுவிட்டுச் செல்போன் பார்ப்பார்கள். இந்த பிசியோதெரபி நிலையத்தில் முதல் நாளே நிற்க வைத்தார்கள். எடை பார்க்கும் இயந்திரங்கள் இரண்டு, ஒவ்வொன்றிலும் ஒரு கால். வலது 42 கிலோ, இடது 20. நேராகத்தான் நிற்கிறேன் என்று அதுவரை சத்தியம் செய்திருப்பேன்.

பிறகு, நின்றபடியே தடத்து ஊர்களைச் சொல்லச் சொன்னார் பிசியோதெரபிஸ்ட். பேட்டை, பத்தமடை, சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம்... முள் அசையவில்லை. "இது தூக்கத்திலும் வரும் அம்மா" என்று நானே ஒப்புக்கொண்டேன். சிரித்துவிட்டு, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். 93, 86... அடுத்ததைத் தேடுவதற்குள் இடது முள் 11-க்கு இறங்கிவிட்டது. விழவில்லை, என் இடுப்புப் பட்டையை அவர் பிடித்திருந்தார்.

முன்பு உடம்பு தானாகவே நின்றது. இப்போது நிற்பதற்கே கவனம் முழுவதும் செலவாகிவிடுகிறது, பேச்சுக்குக் கொடுக்கப் பையில் சில்லறை இல்லை. அதனால் முதலில் பேசாமல் நிற்கும் பயிற்சி, அப்புறம் நின்றுகொண்டே கணக்கு, கடைசியாகத் தட்டில் தண்ணீர் டம்ளர். இரண்டரை மாதத்தில் வலது 35, இடது 27. 'பெர்க்' என்று, தடுமாறாமல் நிற்கிறோமா என்று பார்க்கும் 14 சோதனைகள், மொத்தம் 56 மதிப்பெண். 31-லிருந்து 44-க்கு வந்திருக்கிறேன்.

குறை இல்லாமல் இல்லை. வாசலில் மூன்று படி, ஏறும்போது கைப்பிடி இடப்பக்கம். என்னைப் போல இடக்கை விழுந்தவர்கள் எதைப் பிடிப்பது? காத்திருக்கும் இடத்தில் டிவி அலறியது, எழுந்து நிற்கவே பயமாக இருந்தது. இரண்டையும் சொல்லியாயிற்று. டிவி சத்தம் குறைந்தது, கைப்பிடி அப்படியே இருக்கிறது.

ஒரு தடவைக்கு 400 ரூபாய், முக்கால் மணி நேரம். வீட்டார் யாராவது கூட வந்தால் நல்லது, அவர்களுக்கும் சொல்லித் தருகிறார்கள். நான் நாற்காலியில் உட்காரும்வரை என் மனைவி இப்போது எதுவும் கேட்பதில்லை. உட்கார்ந்ததும் எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்டுவிடுகிறாள்.