டச் வேகமா, பேட்டரியா? ஒரே போனோடு இரண்டு வருஷத்துக்கு மேல்

பெட்டியில் பெரிய எழுத்தில் "360 ஹெர்ட்ஸ் டச் சாம்ப்ளிங்" என்று அடித்திருந்த ஒரு நடுத்தர விலை போனை இரண்டு வருஷத்துக்கு மேலாகப் பயன்படுத்துகிறேன். 120 ஹெர்ட்ஸ் அமோலெட் திரை, 5000 எம்ஏஎச் பேட்டரி. கம்பெனி பெயர் வேண்டாம், இந்த விலையில் கிடைக்கும் பல போன்களின் கதை கிட்டத்தட்ட இதுதான்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். திரை நொடிக்கு 120 முறை படத்தைப் புதுப்பிப்பது ஒரு வேலை, அதன் பெயர் ரெஃப்ரெஷ் ரேட். விரல் எங்கே இருக்கிறது என்று நொடிக்கு இத்தனை தடவை பார்ப்பது வேறு வேலை, டச் சாம்ப்ளிங் என்பது இதுதான். 2017ல் வந்த ஐபோன் எக்ஸில் திரை 60, டச் 120. கடைக்காரர் இரண்டையும் ஒன்றாகக் கலந்து சொன்னால் நம்பாதீர்கள். அப்புறம் கணக்கையும் போட்டுப் பாருங்கள். 240 ஹெர்ட்ஸ் என்றால் 4.2 மில்லிநொடிக்கு ஒரு முறை, 360 என்றால் 2.8. மிச்சமாவது ஒன்றரை மில்லிநொடிகூட இல்லை, அந்தத் திரை அடுத்த படத்தைக் காட்டவே 8.3 மில்லிநொடி எடுத்துக்கொள்ளும்போது இதற்கு ஏன் இத்தனை விளம்பரம் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

டைப் அடிக்க இது தேவையே இல்லை. எவ்வளவு வேகமாகத் தட்டினாலும் விரல் கண்ணாடியில் ஐம்பது மில்லிநொடிக்கு மேல் இருக்கும், அதற்குள் பழைய 60 ஹெர்ட்ஸ் டச்சே மூன்று முறை பார்த்துவிடும். ஷூட்டிங் கேமில் சட்டென்று குறியைத் திருப்பும்போது வித்தியாசம் தெரிகிறது, அதுவும் கேம் மோடைப் போட்டால்தான். அந்த 360 மற்ற நேரத்தில் என் போனில் வருவதே இல்லை என்பதைப் பெட்டியின் ஓரத்தில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறார்கள். கேரம் ஆடுகிறவருக்கு 240ம் 360ம் ஒன்றுதான்.

சரி, பேட்டரிக்கு வருவோம். டச் சிப் மட்டும் தின்னும் மின்சாரம் சொற்பம், திரை வெளிச்சத்துக்குப் போவதோடு ஒப்பிட்டால் கணக்கிலேயே வராது. ஆனால் விரல் பட்டதும் அது யாரையெல்லாம் எழுப்புகிறது என்பதில்தான் செலவு. 2012ல் ஆண்ட்ராய்டு 4.1 வந்தபோதே, சும்மா கிடந்த போனில் விரல் பட்டவுடன் ப்ராசஸரின் வேகத்தைத் தூக்கிவிடும் ஏற்பாடு வந்துவிட்டது. இப்போது அதோடு திரையும் 60லிருந்து 120க்குத் தாவுகிறது. பேசாமல் படித்துக்கொண்டிருந்தால் கொஞ்ச நேரத்தில் எல்லாம் மறுபடி இறங்கிவிடும். இப்படி ஏறி இறங்குவதை எவ்வளவு நன்றாகச் செய்திருக்கிறார்கள் என்பதுதான் ஒரு போனின் தரம், பெட்டியில் போட்ட எண் இல்லை.

என் போன் கொஞ்சம் சொதப்புவதும் இந்த இடத்தில்தான். நீளமான கட்டுரை ஒன்றைப் படிக்கிறேன், அரை நிமிஷம் திரையைத் தொடவில்லை, பிறகு மேலே தள்ளினால் முதல் இழுப்பு விரலுக்குப் பின்னால் வருகிறது. லேசாக ஒட்டிக்கொண்ட மாதிரி இருந்துவிட்டு ஒரே குதியாகக் குதிக்கும். அடுத்த இழுப்பு வெண்ணெய் மாதிரி போகும். காரணம், சும்மா இருக்கும்போது டச்சும் மெதுவாகத்தான் பார்க்கிறது, திரையும் 60ல் இருக்கிறது, ப்ராசஸரும் தூங்குகிறது, மூன்றும் ஒரே நேரத்தில் விழிக்க வேண்டும். வாங்கிய புதிதில் இது இல்லை. ஒரு பெரிய அப்டேட்டுக்குப் பிறகு வந்தது, அதே அப்டேட்டில் பேட்டரி கொஞ்சம் கூடுதலாகத் தாங்க ஆரம்பித்ததையும் சொல்லிவிட வேண்டும். எதை விற்று எதை வாங்கினார்கள் என்பது தெளிவு, கேட்டுவிட்டுச் செய்திருக்கலாம். செட்டிங்ஸில் 120ஐ நிரந்தரமாகப் போட்டால் அந்த ஒட்டல் பெரும்பாலும் போய்விடுகிறது, ஆனால் இரவு வரை தாங்கும் போன் சாயங்காலமே சார்ஜர் கேட்கும். நான் ரெஃப்ரெஷ் ரேட்டை ஆட்டோவிலேயே, அதாவது போனே ஏற்றி இறக்கிக்கொள்ளும்படி, விட்டுவிட்டேன். ரெஃப்ரெஷ் ரேட் 10, 1 ஹெர்ட்ஸ் வரைகூட இறங்கும் எல்டிபிஓ வகைத் திரை உள்ள விலை உயர்ந்த போன்களில் சேமிப்பு இன்னும் அதிகம், என்னுடையது 60க்குக் கீழே போகாது.

டபுள் டேப் செய்து எழுப்பும் வசதியை அணைத்தே வைத்திருக்கிறேன். திரை அணைந்தாலும் டச் அரைத்தூக்கத்தில் விழித்திருக்க வேண்டும், அதற்கு ஆகும் செலவு கொஞ்சம்தான். சட்டைப் பையில் நடப்பதுதான் தொல்லை. சென்னையில் மே மாதம், வியர்வையில் நனைந்த மெல்லிய காட்டன் சட்டை, துணி வழியாகவே உடம்பை விரல் என்று நினைத்துக்கொள்கிறது. திரை எரியும், டார்ச் எரியும், ஒருமுறை அவசர அழைப்பு எண் வரை போய்விட்டது. நிஜமான ப்ராக்ஸிமிட்டி சென்சார் இருந்தால் பாக்கெட்டுக்குள் இருப்பதைக் கண்டுபிடிக்கும், என் போனில் அதை மென்பொருளால் ஊகிக்கிறார்கள், ஊகம் அடிக்கடி தப்புகிறது. கையில் எடுத்துப் பார்க்கும்போது பை சூடாக இருந்தால் பேட்டரி எங்கே போனது என்று தனியாக ஆராய வேண்டியதில்லை.

டெம்பர்டு கிளாஸ் தடிமனாக ஒட்டினால் ஓரங்களில் டச் மந்தமாகும். உடனே டச் சென்சிட்டிவிட்டியைக் கூட்டச் சொல்லுவார்கள். கூட்டினேன், ஈரக் கையோடு சமையலறையில் எடுத்தால் தொடாத இடமெல்லாம் தட்டுப்பட்டது. மெல்லிய கிளாஸுக்கு மாறி, அந்த ஆப்ஷனை அணைத்த பிறகு நிம்மதி.

சார்ஜர் விஷயம் தனி. திரைக்குள் குறுக்கும் நெடுக்குமாகக் கண்ணுக்குத் தெரியாத கோடுகள், ஒரு பக்கக் கோட்டில் சிக்னல் அனுப்பி மறுபக்கத்தில் அளக்கிறார்கள். விரல் வந்தால் அந்தக் கோடுகளின் மின்தேக்குத் திறனில் ஏற்படும் மாற்றம் மிக மிகச் சிறியது, ஒரு பிகோஃபாரடுக்கும் (ஃபாரட் என்ற அளவில் லட்சம் கோடியில் ஒரு பங்கு) கீழே. மட்டமான சார்ஜரின் மின் இரைச்சல் அதை மூழ்கடித்துவிடும். செட்டிங்ஸில் மறைந்திருக்கும் டெவலப்பர் ஆப்ஷன்ஸில், விரல் போகும் பாதையைக் கோடாகக் காட்டும் பாயிண்டர் லொகேஷனைப் போட்டு, விரலை மெதுவாகக் குறுக்கே இழுத்துப் பாருங்கள். என் போனின் சொந்த சார்ஜரில் கோடு நேராக வந்தது. பஸ் ஸ்டாண்டில் வாங்கிய சார்ஜரில் கோடு நெளிந்தது, மேலே இடது ஓரத்தில் ஒரு விரலுக்கு இரண்டு என்று எண்ணிக்கை காட்டியது. இல்லாத அந்த இரண்டாவது விரலுக்கும் போன் 120க்கு ஏறி நிற்கும், சார்ஜ் ஏறும் வேகமும் அதற்கேற்பக் குறையும்.

புதுசு வாங்கப் போகிறவர்கள் கடையில் காட்சிக்கு வைத்த போனை எடுத்தவுடன் வேக வேகமாகத் தள்ளிப் பார்க்க வேண்டாம், அதில் எல்லா போனும் நன்றாகத்தான் இருக்கும். ரெஃப்ரெஷ் ரேட் ஆட்டோவில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, நீளமான பக்கம் ஒன்றைத் திறந்து, அரை நிமிஷம் கையை எடுத்துவிட்டு, அப்புறம் ஒரே ஒரு முறை மெதுவாக மேலே இழுங்கள். அந்த முதல் இழுப்பு விரலோடு வந்தால் வாங்கலாம்.